எட்டுப் பிரதியும் தும்பளைக் கடலும்

ஸ்ரீஸ்கந்தராசா ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். கண்டிக் கச்சேரி என்ற அரசாங்கச் செயலகத்தின் தலைமை எழுதுவினைஞர் அல்லவா, எடுத்த முடிவை டைப் அடித்தும் வைப்பார்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு பருத்தித்துறைப் பக்கம் போய், பிறந்த ஊர்க் கடலில் முங்கிக் குளிக்கப்போவதாகக் கச்சேரிப் பியூன் அழகமுத்து வரைக்கும் சொல்லியாயிற்று. "கண்டி வாவியைப் பாத்துப் பாத்து உங்களுக்கு என்ன தெரியும்? எங்கடை கடல் கடல்தான்!"

வீட்டிலும் அறிவித்தார்.

"சனி, ஞாயிறு. கரையோடை வாடகை வான் ஓடும். ஒரு சொந்தக்காரன்ரை வீட்டு வாசல் படலையும் திறக்கிறேல்லை!"

"ஓமப்பா" என்றாள் மனைவி பத்மாதேவி.

சண்டைக்கு ஆயத்தமாக வந்தவருக்கு அது பெருத்த ஏமாற்றம்.

"எண்பத்திநாலிலை என்ன நடந்தது? ஒரு வீட்டை போனால் மற்ற வீடு கோவிக்குமெண்டு பதினொரு வீடு. பதினொரு வீட்டிலையும் புட்டு. கடலைக் கண்ணாலையும் காணேல்லை!"

"ஓம், பாவம்தான்."

"உன்ரை பெரியம்மா கோவிப்பா."

"வீட்டை வரமாட்டமெண்டு எல்லாருக்கும் நானே எழுதிவிடுறன். சரியே?"

கலியாணம் கட்டி இருபது வருஷத்தில் முதல் வெற்றி! அந்தச் சந்தோஷப் புளுகத்தில் கார்பன் தாள் வைத்துப் பயணத் திட்டம் அடித்தார், எட்டுப் பிரதி. 'மு.ப. 9.00 தும்பளைக் கடற்கரை. 9.10 குளிப்பு. 11.30 வல்வெட்டித்துறை.'

"என்ன வடிவு! மிச்சக் கொப்பியளை என்னட்டைத் தாங்கோ, பத்திரமாய் வைக்கிறன்."

மறுநாள் பத்மாதேவி நீட்டிய ஏழு கடிதங்களையும் அவரே பெருமையோடு தபாலில் சேர்த்தார்.

சனிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு வான் தும்பளையில் நின்றது. மணிக்கூட்டைப் பார்த்து மீசையைத் தடவினார். கடலைப் பார்த்தார். தெரியவில்லை. யுத்தத்துக்கும் கனடாவுக்கும் போக மிஞ்சிய ஏழு குடும்பங்களில் ஐந்து, பாய் விரித்துச் சட்டி பானையோடு மறைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு கையிலும் அவர் அடித்த திட்டம்!

"ஒரு நிமிஷம் பிசகேல்லைத் தம்பி!" என்றா பெரியம்மா. "நீங்கள் வீட்டை வராட்டில் என்ன, நாங்கள் வந்திட்டம். இருந்து சாப்பிடுங்கோ."

எத்தனை வருஷத்து முகங்கள்! அவருக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு மேலே ஐந்து வீட்டுப் புட்டும் அடைத்தது. பதினொரு மணிக்கு ஒருமாதிரி எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"சாப்பிட்ட வயித்தோடை கடலிலை இறங்கிறதே?" பெரியம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டா.

"பத்மா!"

"இஞ்சாருங்கோ, பதினொண்டரைக்கு வல்வெட்டித்துறையெண்டு நீங்கள்தானே அடிச்சனீங்கள்? மிச்ச இரண்டு குடும்பமும் அங்கை புட்டோடை பாத்துக்கொண்டு நிக்குதுகள்."

திங்கட்கிழமை கச்சேரி வாசலிலேயே அழகமுத்து மறித்தார். "என்னங்கய்யா, கடல்ல நல்லா குளிச்சீங்களா?"

ஸ்ரீஸ்கந்தராசா நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு படலையும் திறக்கேல்லை!"