முன்கூட்டியே அழுத முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு குரங்கும் பட்டயக் கணக்காளர் தேர்வு எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தன. முள்ளம்பன்றியின் பெயர் கூர்மதி. குரங்கின் பெயர் தாண்டவராயன். இரண்டும் ஆந்தை ஆடிட்டரிடம் ஒன்றாகத் தொழில் பழகியவை. ஒரே மேசை, ஒரே டீத்தம்ளர், ஒரே திட்டு.

அந்தக் காட்டின் தேன் சங்கத்துக்கு ஓர் ஆடிட்டர் தேவைப்பட்டார். தேர்ச்சி பெற்றவர் கையெழுத்துப் போடாத கணக்கைச் சிங்கராஜா தொடக்கூட மாட்டார். கூர்மதி அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது. கிடைத்தால் சொந்த வளையிலேயே அம்மாவோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒட்டகத்தின் கம்பெனிக்குப் போக வேண்டும். அங்கே மணல் உண்டு, ஒட்டகம் உண்டு, கிழங்கு கிடையாது.

தேர்வு வாரியம் ஆலமரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘முடிவுகள் மழைக்கு முன்போ, மழைக்குப் பின்போ வெளியாகக்கூடும்.’ தேர்வு எழுதிய விலங்குகள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தன. எங்காவது ஒரு தேதி ஒளிந்திருக்கும் என்று நினைத்தன. ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

கௌதாரி அக்கா தினமும் வளை வாசலில் வந்து நின்றது.

“என்ன கூர்மதி, ரிசல்ட் வந்துடுச்சா?”

“இன்னும் வரலக்கா.”

“வந்தா சொல்லு. வராட்டியும் சொல்லு. எப்படியும் நாளைக்கு இந்தப் பக்கம்தான் வருவேன்.”

ஆந்தை ஆடிட்டர் சொல்லிக்கொடுத்த பாடங்களில் கூர்மதியின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது ஒன்று. ‘வரப்போகும் லாபத்தை வருவதற்கு முன் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றே ஒதுக்கீடு செய்துவிடு.’ கணக்குக்கு அது நல்ல பாடம். ஆனால் கூர்மதி அதை வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டது. தேர்வில் தோற்றால் எப்படியும் அழ வேண்டும். அந்த அழுகைக்கு இப்போதே ஒதுக்கீடு செய்துவிட்டால் பிற்பாடு சுமை இருக்காது என்று முடிவு செய்தது.

எனவே திங்கட்கிழமை நேர்முக வரித் தாளுக்காக அழுதது. செவ்வாய்க்கிழமை மறைமுக வரிக்காக அழுதது. புதன்கிழமை தணிக்கைத் தாள். அதில் கேள்விகள் நீளம் என்பதால் அழுகை வியாழன் மதியம் வரை போனது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தோளில் தட்டிக்கொடுக்க முடியாமல் தவித்தார்கள். முயல் ஒருமுறை முயன்றுவிட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டு ஓடியது.

“ஏண்டி, ரிசல்ட் இன்னும் வரவே இல்லையேடி!” என்றது அம்மா முள்ளம்பன்றி.

“இது அழுகை இல்லம்மா. ஒதுக்கீடு.”

“என்ன எழவோ, அந்தக் கிழங்கைத் தின்னுட்டு ஒதுக்கு.”

தாண்டவராயன் வேறு ரகம். தேர்வு எழுதிய மறுநாளே மரங்கொத்தி ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகை செய்து வாங்கியது. ‘தாண்டவராயன், ஆடிட்டர்’ என்று பெரிதாகவும், ‘முடிவு எதிர்பார்க்கப்படுகிறது’ என்று அடியில் எறும்பு அளவிலும் எழுதி, நாவல் மரத்தில் மாட்டியது. அடிவரியை ஓர் இலை மறைத்தது. அந்த இலையை ஒடிக்கக் குரங்குக்கு மனம் வரவில்லை. பிறகு ஊரைக் கூட்டிப் பலாப்பழ விருந்து வைத்தது.

கூர்மதிக்குப் பொறுக்கவில்லை. “ரிசல்ட்டே வரல, அதுக்குள்ள விருந்தா? ஆந்தை சார் என்ன சொல்லிக் கொடுத்தாரு?”

“தங்கச்சி, வராத அழுகையை நீ முன்னாடியே அழுதுக்கிற. வராத சந்தோஷத்தை நான் முன்னாடியே சாப்பிட்டுக்கிறேன். இந்தா, இந்தச் சுளை நல்ல இனிப்பு.”

கூர்மதி சுளையை வாங்கிக்கொண்டது. அழுதுகொண்டே தின்றது.

தேன் எடுக்கும் காலம் நெருங்கியது. சங்கத் தலைவர் கரடி பெருமாள்சாமி, கூட்டத்தில் ஆடிட்டர் பெயரை முன்மொழிய வேண்டியிருந்ததால் விசாரிக்கக் கிளம்பினார்.

“ஏம்மா கூர்மதி, பாஸாயிடுவியா?”

கூர்மதி எல்லாத் தாளும் நன்றாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் பாடம் பாடம்தானே? “தேறமாட்டேன்னே வச்சுக்குங்க ஐயா. அதுதான் பாதுகாப்பு.”

கரடி நாவல் மரத்தடிக்குப் போனார். மேலே பார்த்தார். பலகை இருந்தது. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கீழே சிந்தியிருந்த பலாச்சுளையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு நாள், நல்ல மழைக்கு நடுவில் முடிவு வெளியானது. நடுவில் வரும் என்று அறிவிப்பில் இல்லாததால் எல்லாரும் திகைத்துப் போனார்கள். திரை பெரியது என்பதற்காக யானையின் கைப்பேசியைச் சுற்றிக் காடே கூடியது. யானை தும்பிக்கை நுனியால் பதிவு எண்ணைத் தட்டியது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“யாரும் மூச்சு விடாதீங்க, சிக்னல் கலையுது” என்றது கௌதாரி அக்கா.

வட்டம் நின்றது. கூர்மதி தேர்ச்சி. எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண்.

அடுத்து தாண்டவராயனின் எண். தணிக்கைத் தாளில் போய்விட்டது.

குரங்கு கிளையில் உட்கார்ந்து ஓவென்று அழுதது. முள்ளில்லாத தோள் அல்லவா, காடே வரிசையில் நின்று தட்டிக்கொடுத்தது. சாயங்காலம் யாரோ விருந்தில் மிஞ்சிய பலாச்சிப்ஸைக் கொண்டுவந்ததும் அழுகை நின்றுவிட்டது.

“நீ சிரிடி என் ராசாத்தி!” என்றது அம்மா முள்ளம்பன்றி.

“அப்படியெல்லாம் திடீர்னு சிரிக்க முடியாதும்மா. தேவைப்படாத ஒதுக்கீட்டை முறையா திருப்பி எழுதணும்.”

திங்கட்கிழமை நேர்முக வரிக்காகக் காலை முதல் மாலை வரை சிரித்தது. தனியாக உட்கார்ந்து, எதிரில் யாரும் இல்லாமல், நிறுத்தாமல் சிரித்தது. அழுதபோது வாசல் வரை வந்தவர்கள் இப்போது அந்தப் பாதையையே மாற்றிக்கொண்டார்கள். கௌதாரி அக்காகூட வரவில்லை. செவ்வாய்க்கிழமைச் சிரிப்பை முடித்துக்கொண்டு, கூர்மதி கரடியைப் பார்க்கப் போனது.

“ஐயா, நான் பாஸ். சங்கத்து வேலை எனக்குத்தானே?”

“அடடா, சந்தோஷம்மா. ஆனா தாண்டவராயன் பேர்ல தீர்மானம் போட்டாச்சே.”

“அவரு தேறலையே ஐயா!”

“அது அவரோட சொந்த வருத்தம். அதுல சங்கம் தலையிடக் கூடாது. நீ தேறமாட்டேன்னு உன் வாயாலயே சொன்ன. அவரு பலகையே வச்சிருந்தாரு. நான் யாரை நம்புறது?”

கூர்மதி புதன்கிழமைச் சிரிப்பை ரத்து செய்துவிட்டு, ஒட்டகத்தின் கம்பெனிக்குப் போக மூட்டை கட்டியது. அம்மா மூட்டைக்குள் கிழங்காக அடைத்தது.

அப்போது வளை வாசலில் தாண்டவராயன் தலைகீழாகத் தொங்கியது.

“தங்கச்சி, எங்க கிளம்பிட்ட? சங்கத்துக் கணக்கு மூட்டையெல்லாம் என் மரத்தடியில வந்து இறங்கிடுச்சு. எனக்கு அதுல தலையும் புரியல, வாலும் புரியல. என் கையெழுத்தும் செல்லாது. நீ வந்து உக்காரு. பாதிக்குப் பாதி.”

“பலகையில என் பேரு?”

“எழுதிட்டாப் போச்சு. இடம் இருக்கு.”

எறும்பு அளவு அடிவரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே அளவில் ‘கூர்மதி’ என்று மரங்கொத்தி செதுக்கியது. இலை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கூர்மதி கணக்குப் பார்க்கிறது, கையெழுத்துப் போடுகிறது, மாலையில் சொந்த வளைக்குத் திரும்புகிறது. வருகிறவர்கள் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கீழே மூட்டையை வைக்கிறார்கள்.

தாண்டவராயன் தணிக்கைத் தாளை மறுபடியும் எழுதியிருக்கிறது. முடிவு வெயிலுக்கு முன்போ பின்போ வருமாம். இந்த முறை இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டன. விருந்து குரங்கின் பொறுப்பு. முடிவுக்காக முன்கூட்டியே அழுவது முள்ளம்பன்றியின் பொறுப்பு. நாவல் மரத்தடியில் தினமும் பலாச்சுளை கிடைக்கிறது. ஒருவர் சிரித்தபடி தின்கிறார், ஒருவர் விம்மியபடி தின்கிறார். சுளை என்னவோ இருவருக்கும் இனிப்பாகத்தான் இருக்கிறது.

நீதி: தேர்ச்சி பெற்றவருக்கு வேலை தெரியும், பலகை வைத்தவருக்கு வேலை கிடைக்கும். ஆகவே குழந்தைகளே, நன்றாகப் படியுங்கள். புத்தகத்தைத் திறப்பதற்கு முன், மரங்கொத்தியிடம் பலகைக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.