திருநீறு பூசிய மீன்கள்

ஐம்பத்தாறாம் வருஷம் போடிநாயக்கனூரில் கல்யாணங்களை நிச்சயித்தவை மீன்கள்.

சாதாரண மீன்களா அவை? ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டைகள். திருநீறு பூசிக்கொண்டே பிறந்தவை என்றார், அவற்றை ராமேஸ்வரத்துக் கடலிலிருந்து கொண்டுவந்த மச்சானந்த சுவாமிகள். கடல் தண்ணீரும் பீப்பாய் பீப்பாயாக லாரியில் வந்தது. அதைத் தீர்த்தமென்று குடித்து வயிற்றால் போனவர்கள், தோஷம் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். போடிமெட்டிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஜனம் இறங்கியது.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. தனித்தனி ஜாடிகளில் இருக்கும் மீன்களில் இரண்டைக் கண்ணாடித் தொட்டியில் ஒன்றாக விடுவார். பெரியது மாப்பிள்ளை, சின்னது பெண். அந்த ஜாதி மீனில் பெரியதுதான் பெண்; மீனைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும், யார் கேட்டார்கள்? விட்டவுடனே பெரியது சின்னதைத் துரத்தித் துடுப்பைக் கடிக்கும். "தோஷம்!" என்பார் சுவாமி. மூன்று நாள் ஏலக்காய்ப் புகை போட்டுப் பூஜை. அதற்கு மூன்று வீசை ஏலக்காய் காணிக்கை. நாலாம் நாள் மீன்கள் சேர்ந்து நீந்தும். காணிக்கை கொடுக்க முடியாதவர்களின் கல்யாணம் நின்றுபோகும். ராமுத்தாய் மகளுடையது அப்படித்தான் நின்றது.

அன்று முத்துப்பேச்சியின் முறை. சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிப்பவள். மூன்று வீசை என்றால் அவள் அப்பா காசிமாயன் கறவை மாட்டை விற்றாக வேண்டும். மீன்கள் வழக்கம்போல அடித்துக்கொண்டன. மாப்பிள்ளை கன்னையனின் தாய் சோலையம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

"பூசை பண்ணாட்டி என்னாகும் சாமி?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"மூணு நாளுல ஒண்ணு செத்துப்போகும். அதே கதிதான் மாப்பிள்ளைக்கும்."

"கடிபடுறது பொண்ணு. சாகுறது மட்டும் மாப்பிள்ளையா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சுவாமி முறைத்தார்.

"எங்க வீட்டுக் கூண்டுல புதுக் கோழியை விட்டாலும் பழசு மூணு நாளு கொத்தத்தான் செய்யும். அப்புறம் ரெண்டும் ஒண்ணா மேயும். கோழிக்கு நாங்க பூசையா பண்றோம்? தொட்டியை அத்தை வீட்டுல வைப்போம். பூசையும் வேணாம், புகையும் வேணாம். ஒண்ணு செத்துச்சுன்னா மாட்டை வித்துக் காணிக்கை தர்றோம். எனக்குக் கல்யாணமும் வேணாம்."

"வாயை மூடு கழுதை!" என்று காசிமாயன் பதறினார்.

"புள்ள சரியாத்தானப்பா கேக்குது" என்றது கூட்டம். தூக்கிப் போகும் வழியிலேயே மீன் செத்துவிடும் என்று மனதார நம்பி, சுவாமி சம்மதித்தார்.

சோலையம்மாள் தொட்டியைக் காவல் காத்தாள். முதல் நாள் ஒரே துரத்தல். இரண்டாம் நாள் சின்னது மூலையில் ஒதுங்கிக் கிடப்பதாகச் சேதி வந்தது. முத்துப்பேச்சி பொறுக்கிய ஏலக்காயையே மறுபடி பொறுக்கினாள். மீன் செத்தால் மாடும் போகும், கன்னையனும் போவான்.

நாலாம் நாள் காலையில் தெருவே திரண்டது. சின்ன மீன் பெரியதன் பக்கத்தில் போய் உடம்பை நடுக்கிப் பணிந்தது. பெரியது கடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே தொட்டியைச் சுற்றின.

"நான் மானசீகமாப் பூசை பண்ணினேன்" என்றார் சுவாமி.

"அப்ப ஏலக்காயையும் மானசீகமாவே வாங்கியிருக்கலாமே சாமி?" என்றாள் முத்துப்பேச்சி.

தெரு சிரித்தது. ராமுத்தாய் சிரிக்கவில்லை. நேரே சுவாமியின் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினாள். புகைந்து சாம்பலாகியிருக்க வேண்டிய ஏலக்காய், விருதுநகர் வியாபாரி ஒருவருக்கு விலாசம் எழுதி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. சுவாமி பஸ்சைப் பிடிக்க ஓடினார். கூட்டம் அவரைப் பிடித்தது.

சோலையம்மாள் வருங்கால மருமகளின் கன்னத்தை வழித்தாள். "மீனெல்லாம் பொய்யி ஆத்தா. பக்கத்தூரு தேவாரத்துல ஒரு கிளி இருக்காம். அது பொய்யே சொல்லாதாம். வெரசா அதை ஒரு வார்த்தை கேட்டுட்டு நாள் குறிச்சிருவோம்."

முத்துப்பேச்சி மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மீனைக் கேட்டீக, இனி கிளியைக் கேப்பீக. உங்க மூளையையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க அத்தே. அது தட்சிணை கேக்காது."