சூசையப்பன் கொத்திய அம்மி

பெட்டி மேஸ்திரி சூசையப்பன் சிற்பி ஆவதென்று முடிவு செய்துவிட்டார். வயது நாற்பத்தாறு. உளியை அதுவரை கையால் தொட்டதில்லை. அதனாலென்ன? மூணாறுக்கு மேலே, ஜீப்பே மூச்சு வாங்கும் அந்த எஸ்டேட்டில், இருபது வருஷமாகத் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவர். ஆணி அடிக்கிற கைக்குக் கல் எம்மாத்திரம்?

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குக் கல் செதுக்கும் வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மாதா சொரூபம் வைக்கிற கெபி கட்டக் கம்பம் ஊரிலிருந்து வந்திருந்த கல்தச்சர் சுருளிவேல்தான் வாத்தியார். சாயங்காலம் ஆறு முதல் ஏழரை வரை. அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. சூசையப்பன் அதைப் படிக்கவில்லை. அவருக்கு வேண்டியது முதல் வரியில் கிடைத்துவிட்டது.

ஏனென்றால் வளைவு ரோட்டில் வேதமுத்து டீக்கடையில் சீட்டாட்டமும் ஆறு முதல் ஏழரை வரைதான். வீட்டிலோ அந்த நேரத்துக்கு ஜெபமாலை. ஐம்பத்து மூன்று மணி, அதன்பிறகு பிரார்த்தனை, அதற்கும் பிறகு சின்ன வெங்காயம் உரிக்கிற ஊழியம்.

விஷயத்தை மனைவி கத்தரீனாளிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் இருந்தாள். அவள் முன்னால் அம்மி இரண்டு துண்டாகக் கிடந்தது. அன்று காலைதான் பிளந்திருந்தது.

"நீங்களா? கல்லு கொத்தவா?"

"ஏன், என் கைக்கென்ன குறச்சல்?"

"கைக்கு ஒண்ணுமில்ல. போன வாரம் தேங்கா ஒடைக்கச் சொன்னேன். தேங்கா முழுசா இருந்துச்சு, வாசப்படிதான் ஒடஞ்சுச்சு."

"அது படி சரியில்ல."

கத்தரீனாள் கொஞ்சம் யோசித்தாள். பகலெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து மசாலா அரைக்கிறவள். யோசிக்கவும் அவளுக்கு உரிமை உண்டு.

"சரி, ஒரு பந்தயம். சவேரியார் திருநாளுக்குள்ள ஒரு அம்மி கொத்திக் கொண்டாங்க. அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அம்மியில அரைச்சுக்கிடுதேன். கொண்டாந்துட்டா, ஆயுசுக்கும் சாயங்காலம் நீங்க எங்க போறீக, என்னத்துக்குப் போறீகன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"கொண்டாரலன்னா?"

"ஆயுசுக்கும் மசாலா அரைக்கிறது நீங்க."

"ஒப்பந்தம்!" என்றார் சூசையப்பன். ஐந்து மாசம் இருக்கிறதே என்ற தைரியம்.

வகுப்புக்கு இரண்டே நாள் போனார். முதல் நாள் இடது கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் வலது கட்டைவிரலில். வலது கையில் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு வலது விரலிலேயே எப்படி அடித்தார் என்பது சுருளிவேலுக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கால்கள் தாமாகவே வேதமுத்து கடைக்குத் திரும்பிவிட்டன.

ஆனால் சிற்பி வீட்டுக்குத் திரும்பினால் சட்டையில் தூசி இருக்க வேண்டுமே? வேதமுத்து நல்ல மனுஷன். புட்டு மாவு டப்பாவைத் திறந்து, தோளில் ஒரு பிடி, முதுகில் ஒரு பிடி தூவி அனுப்புவான்.

ஒரு நாள் காலையில் கத்தரீனாள் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. கல்லை நீங்க கொத்துறீக. ஒங்க சட்டைய கோழி கொத்துது."

வேலியில் கிடந்த சட்டையைச் சுற்றி நாலு கோழிகள்.

"மலைக்கோழிக்குக் கல்லுத் தூசி பிடிக்கும். செரிமானத்துக்கு நல்லது" என்றார் சூசையப்பன்.

"அப்பிடியா?" என்றாள் கத்தரீனாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பெண்டாட்டி கேள்வி கேட்டால் பயப்பட வேண்டாம், கேட்காமல் விட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது சூசையப்பனுக்குத் தெரியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு முடிந்ததும் அவர் கம்பளிக்குள் போய்விடுவார். குறட்டை சத்தம் பக்கத்து லயத்து வீடுகள் வரை கேட்கும். கத்தரீனாள் வாசலில் நின்று என்னவோ சொல்லிவிட்டுப் போவாள். அவர் உள்ளிருந்து "உம்" என்பார். கோயில் சபைக் கூட்டமாக இருக்கும் என்று அவர் நினைப்பு.

சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்தே நவம்பர் முடிந்தது. திருநாளுக்கு மூன்று நாள். சூசையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுசு முழுவதும் மிளகாய் அரைக்கிற காட்சி கண்ணை எரித்தது. நேரே சுருளிவேலிடம் ஓடினார்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் ஓர் அம்மி இருந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு! ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி. பக்கவாட்டில் ஒரு கொடி படர்ந்திருந்தது. குழவிகூடத் தயார்.

"யாரு கொத்துனது?"

"நம்ம வகுப்புல ஒரு ஆளுதாங்கய்யா. நல்ல கை."

"எனக்கு வேணுமே!"

"அந்த ஆளைக் கேட்டுத்தான் சொல்லணும்."

மறுநாள் பதில் வந்தது. "அந்த ஆளு காசு வேணாங்குதுங்கய்யா. ஒங்க குடையக் குடுத்தாத் தருமாம்."

சூசையப்பன் குடையை மார்போடு அணைத்துக்கொண்டார். மான்கொம்புப் பிடி போட்ட குடை அது. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. எஸ்டேட்டில் எல்லோரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடும்போது, அவர் மட்டும் குடைபிடித்து நடப்பார். ஊரில் இத்தனை சாமான் இருக்க, ஒருவன் எதற்கு இந்தக் குடையையே கேட்கிறான் என்று அவர் யோசித்திருக்கலாம். யோசித்தார். குடை மேல் ஊருக்கே கண் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, கொடுத்துவிட்டார். வீட்டில், மூணாறு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

திருநாளுக்கு முந்தின நாள், இரண்டு ஆட்கள் கம்பில் கட்டித் தூக்கிவர, சூசையப்பன் முன்னால் நடந்தார். அம்மி வாசலில் இறங்கியது. பக்கத்து வீட்டு மதலேனம்மாளும் ஓடி வந்தாள்.

"யாத்தே! நீங்களா கொத்துனீக?" என்றாள் கத்தரீனாள்.

"பின்ன, கோழியா கொத்துச்சு?"

"இந்தக் கொடிய எப்பிடிங்க செதுக்குனீக?"

"அது கை நெளிவு. திராட்சக் கொடி. கோயில் பீடத்துல பாத்து மனசுல வாங்கிக்கிட்டேன்."

"திராட்சயா? எல நம்ம வேலிப் பாகக்காக் கொடி மாதிரியில்ல இருக்கு?"

"ஒனக்கென்ன தெரியும் சிற்பத்தப் பத்தி?"

மதலேனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிரமிப்பு என்று சூசையப்பன் நினைத்தார்.

"சரிங்க, பந்தயத்துல ஜெயிச்சுட்டீக. இனி சாயங்காலம் ஒங்க இஷ்டம்."

சூசையப்பன் எழுந்தார். சட்டையை உதறினார். வேதமுத்து கடை அவரை அழைத்தது. வாசலில் காலை வைத்ததும் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"நனஞ்சுட்டுப் போவாதீக. குடை இந்தா இருக்கு."

திரும்பிப் பார்த்தார். கத்தரீனாள் கையில் மான்கொம்புப் பிடி.

"இது... ரிப்பேரு... கடையில..."

"ஆமா, வந்துருச்சு. பாகக்கொடி செதுக்குன கூலி."

மதலேனம்மாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நோட்டீஸ்ல ரெண்டாவது வரி பாக்கலயாண்ணே? பொம்பளைகளுக்கு ஞாயித்துக்கெழம மத்தியானம்னு போட்டிருந்துச்சே! பதினாலு பேரு போறோம்."

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று சூசையப்பன் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வாசல்ல நின்னு, கல்லு கொத்தப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். நீங்கதான் கம்பளிக்குள்ள இருந்து உம்முன்னீக."

சூசையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவிலும் அந்தக் கொடியைப் பார்த்தார். உண்மையிலேயே நல்ல கை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவள் ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தவிட்டைக் கொண்டுவந்து அம்மிமேல் கொட்டினாள்.

"மொதல்ல தவிட்டப் போட்டு அரைங்க. புது அம்மி, கல்லு உதிரும். மூணுதரம் அரைச்சு வழிச்சுட்டு அப்பறம் மொளகா வைங்க."

"நீ எங்க போற?"

கத்தரீனாள் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"சாயங்கால வகுப்புல ஒங்க எடம் அஞ்சு மாசமா காலியாக் கெடக்காம், வாத்தியார் என்னைய வரச் சொல்லிட்டாரு. நான் கொத்துற ஆட்டுக்கல்லு பாதியில நிக்குதுல்ல, அதையும் ஒங்களுக்கு முடிச்சுக் குடுத்துடுதேன்."