கோம்பை வாசலில் கிளம்பாத கார்

தேனி

அன்பு மைத்துனன் ராஜபாண்டிக்கு, அத்தான் ஈஸ்வரபாண்டி எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் அனுசுயாவும் நலம். அங்கு நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வீரபாண்டி கௌமாரியம்மன் துணை நிற்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் குடும்பக் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் படித்துவிட்டுக் கைகூப்பும் படம் போடுவார்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நீ இந்த வருடம் எனக்கு இரண்டு காரியம் செய்தாய். நீ ஓட்டிக்கொண்டிருந்த காரை என் தலையில் கட்டினாய். அனுசுயாவுக்குக் கோம்பையில் ஒரு வரன் கொண்டுவந்தாய். நேற்று நானும் உன் அக்காவும் முதலாவதில் ஏறி இரண்டாவதைப் பார்க்கப் போனோம். இரண்டும் ஒரே ரகம். இரண்டிடமிருந்தும் சத்தம் வராது.

போகும்போது வண்டியைக் குறை சொல்ல முடியாது. வீரபாண்டியில் நிறுத்தி அர்ச்சனை செய்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, பூசாரி கொடுத்த ஐந்தாவது பழத்தை டாஷ்போர்டில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். தடங்கல் வரக்கூடாது என்றுதான். கோம்பையில் மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை வேகத்தடையில் வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனோம். மாப்பிள்ளை சுரேஷ்கண்ணன் கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். திராட்சை விலையில் தொடங்கி மத்திய பட்ஜெட் வரை கேட்டுப் பார்த்தேன். "ஆமாங்க" என்பார், இல்லாவிட்டால் "இல்லங்க" என்பார். இந்த வாயில்லாப் பிள்ளையோடு அனுசுயா மணிக்கணக்கில் போனில் என்னதான் பேசிச் சிரிக்கிறாளோ, எனக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியும். ஆனாலும் காலம் பூராவும் பேசாத ஒருவரோடு என் மகள் எப்படிக் காலம் தள்ளுவாள்? வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்பந்தம் பேசி முடித்த மாதிரி என்பது உனக்குத் தெரியும். அதனால் இலை போடுவதற்குள் நழுவிவிடலாம் என்று, சோலி கிடக்கிறதென்று சொல்லிவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஒன்றுமில்லை. விளக்கு எரிகிறது, ஹாரன் தெரு முழுக்கக் கேட்கிறது, பேட்டரியோ போன மாதம் போட்ட புதுசு, இஞ்சின் மட்டும் மூச்சுவிடவில்லை. கிளட்ச் கொஞ்சம் முரண்டு பிடித்தது. உன் கையில் இருந்த வண்டி, உன் குணம் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா சின்னச்சாமி வந்து, "பேட்டரி செத்துப்போச்சு" என்றார். ஹாரனை அடித்துக் காட்டினேன். "அது ஹாரனுக்கு மட்டும் உள்ள உசுரு" என்றார். அப்புறம் எலி வயரைக் கடித்திருக்கும் என்றார். அவருடைய நாய் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து எலிக்குக் காத்திருந்தது. கம்பத்திலிருந்து மெக்கானிக் சசிதரனை வரவழைத்தார்கள். அவர் பானெட்டைத் திறந்து பியூஸ், ஸ்டார்ட்டர், வயர் எல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க எறங்குங்க சார், நான் உக்காந்து பாக்குறேன்" என்றார். சர்வேயராக இருந்தவரை என் கருவியை அடுத்தவர் தொட விட்டதில்லை, ஸ்டீயரிங்கை விடுவேனா? "அங்கன இருந்தே பாருங்க" என்றேன். "அப்ப எனக்குத் தெரியல சார்" என்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா ராமுத்தாய் வாசலுக்கு வந்தார். "அண்ணே, வண்டிக்கே போக மனசில்லாம நிக்கிது. இலை போட்டாச்சு, கை நனைச்சிட்டுப் போங்க." நான் அசையவில்லை. உள்ளே உன் அக்கா அதற்குள் பாயாசத்துக்கு வந்திருந்தாள். "அவுக வீம்புக்கு நான் பட்டினி கெடக்க முடியாது" என்று அவள் சொன்னது வெயிலில் வெந்துகொண்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. வடை வாசனையும் வந்தது. பசியை அடக்கலாம், மற்றதை அடக்க முடியுமா? சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் திரும்புகிறேன், வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது, சுரேஷ்கண்ணன் டிரைவர் சீட்டிலிருந்து இறங்குகிறார். என்ன கோளாறு என்று தெருவே கேட்டது. "லூஸ் காண்டாக்ட்" என்றார். எது லூஸ், எங்கே லூஸ், ஒரு விளக்கம் உண்டா? சின்னச்சாமி மட்டும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

ஆகவே இந்த வரன் வேண்டாம். ஜாதகம் சரியில்லை என்று நீயே நாகரிகமாகச் சொல்லிவிடு. காரையும் வந்து ஓட்டிக்கொண்டு போ. விஷயத்தைச் சொன்னதிலிருந்து அனுசுயா என்னிடம் பேசவில்லை, சாப்பாட்டையும் தொடவில்லை. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. உன் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான் ஈஸ்வரபாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே துண்டுக் காகிதத்தில் சுற்றி அந்த ஐந்தாவது எலுமிச்சம்பழம் இருந்தது. வடை மாதிரித் தட்டையாகி, கிளட்ச் பெடலின் அடிப்பக்க அச்சு அதன்மேல் பதிந்திருந்தது. வேகத்தடையில் உருண்டு பெடலுக்கு அடியில் போயிருக்கிறது. சுரேஷ்கண்ணன்தான் அதை எடுத்து யாருக்கும் தெரியாமல் உள்ளே வைத்திருக்கிறார். கிளட்ச்சை முழுசாக மிதித்தால்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும் என்று நீ கொடுக்கும்போதே சொன்னாய், அதுவும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தெருவே கூடி நின்ற இடத்தில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்திருந்தால் நான் கோம்பைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அனுசுயாவிடம் நைசாக விசாரித்தேன். அவளிடமும் லூஸ் காண்டாக்ட் என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கை நனைக்க வருகிறோம் என்று ராமுத்தாயிடம் சொல். கார் என்னிடமே இருக்கட்டும். அதற்கு என்ன கோளாறு என்று உன் அக்கா உன்னைக் கேட்பாள். லூஸ் காண்டாக்ட் என்று சொல்.