துளசித் தொட்டியும் தீயணைப்பு டீச்சரும்

எங்கள் காஜா பெராங் தெருவில் தீயணைப்பு வண்டி வழி கேட்காமல் வந்து நிற்கும் வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைத்த வாசனை வந்தாலே அக்கம்பக்கத்தார் கொடியில் காயும் துணிகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். அங்கே குடியிருந்தவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் தெருவுக்குத் தீயணைப்பு டீச்சர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும்.

நான் அப்போது அடுத்த வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த கல்யாணமாகாத சின்ன கிராணி, அதாவது அலுவலகக் குமாஸ்தா. டீச்சர் வைத்த சாம்பாரை ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். அதில் மிதந்தது முருங்கைக்காயா கரித்துண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தப்பு அவர் கைப்பக்குவத்தில் இல்லை. "கொதிக்க ஏழு நிமிஷம், அதற்குள் ஐந்து நோட்டுத் திருத்தலாம்" என்று உட்காருவார். ஒரு பையன் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதியிருப்பான். அந்தக் கோபத்தில் குழம்பு மறந்துபோகும்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. ஊரே கொடியும் தோரணமுமாகக் குதித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருக்காரர்களும் ஒரு டாக்டர் வீட்டுப் பூந்தோட்டத்தில் தேநீர் விருந்து வைக்க முடிவு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு பலகாரம். பட்டியல் போட்டவர் என் அலுவலகத்துப் பெரிய கிராணி. டீச்சர் பெயருக்கு நேரே மட்டும் "காகிதக் கொடி ஒட்டுதல்" என்று எழுதியிருந்தார்.

டீச்சர் அந்தப் பட்டியலோடு என்னிடம் வந்தார்.

"இத்தன வருஷமா எல்லார் வீட்டுலயும் சாப்பிட்டுட்டு வரேன் தம்பி. நான் செஞ்சத ஒருத்தர் 'இன்னும் கொஞ்சம் குடுங்க'ன்னு கேட்டு நான் பார்த்ததே இல்ல. நாட்டுக்கே சுதந்திரம் குடுத்துட்டாங்க, எனக்கு ஒரு பலகாரம் குடுக்க மாட்டேங்கிறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அடுப்பு இருந்தாத்தானே கருகும்? அடுப்பே இல்லாம செஞ்சா?" என்றார் அடுத்த நொடியே. கண் இரண்டும் பளபளத்தன.

விருந்தன்று காலையில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். புதுசாக வாங்கிய இருபது சின்ன மண்தொட்டிகள் கழுவிக் காய்ந்து வரிசையாக இருந்தன. பிஸ்கட்டைத் தலையணை உறையில் போட்டு நான் குழவியால் நொறுக்கினேன். அவர் டின் பாலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து கலக்கினார். கலக்கக் கலக்கப் பால் கெட்டியாகிக்கொண்டே வந்தது.

"பாருங்க தம்பி, இறுகுது! தீயே இல்லாம இறுகுது!"

கரண்டியோடு சமையலறையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். தொட்டியில் பிஸ்கட் தூள், அதன்மேல் பால், அதன்மேல் வாழைப்பழத் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கொக்கோ கலந்த பிஸ்கட் தூளைப் பரப்பியதும், சத்தியமாகச் சொல்கிறேன், அது மண்ணேதான். தோட்டத்தில் விருந்து, தொட்டியில் பலகாரம், தெருவே ஏமாறப் போகிறது என்று இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மேலே நட ஒரு செடி வேண்டும், அதுவும் வாயில் படலாம் என்கிற செடி. டீச்சர் கொல்லைக்கு ஓடித் துளசி பறித்துவந்து தொட்டிக்கு ஒரு கொத்து நட்டார். அதில் இருந்த ஆபத்து எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

தோட்டத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் தொட்டிகளை அடுக்கினோம். எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால்களைத் தண்ணீர் டின்களில் நிறுத்தினோம். "யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது, காவலுக்கு நில்லுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் சேலை மாற்றப் போனார். நானும் நின்றேன். வெயில் கொளுத்தியது. ஒரு கிளாஸ் சிராப் சர்பத் குடிக்க ஐந்தே நிமிஷம் நகர்ந்தேன்.

திரும்பி வந்தால், மேசை முன்னால் பெரிய கிராணியின் மனைவி வெறுங்காலோடு நிற்கிறார். மூன்று தொட்டிகளுக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது. கிளாஸிலிருந்து தண்ணீரும் வார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் நாலு பெண்கள் அவரவர் முறைக்காகக் காத்திருக்கிறார்கள்.

"செருப்பக் கழட்டிட்டு வா தம்பி. டாக்டரு எவ்வளவு பக்தியா துளசி வச்சிருக்காரு பாரு."

மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். எதிரே நிற்பதோ மேலதிகாரியின் சம்சாரம். நானும் செருப்பைக் கழற்றினேன்.

அப்போதுதான் டீச்சர் மாம்பழ நிறச் சேலையில் வந்தார். பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றிப்போனதை என்னால் தாங்க முடியவில்லை. நேரே மேசைக்கு வந்தார். குங்குமம் படாத ஒரு தொட்டியை எடுத்தார். கரண்டியால் மண்ணைத் தோண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, டீச்சர் மண்ணத் திங்குறாங்க!" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் அலறினார்.

பெரிய கிராணி தலைதெறிக்க ஓடிவந்தார். "டீச்சர், கொடி ஒட்டச் சொன்னதுக்கா இப்படி? வேணாம் லா. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"வாயத் தொறங்க சார்" என்றார் டீச்சர்.

கணக்கு டீச்சர் குரல் அது. அவர் திறந்துவிட்டார். கரண்டி உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து தொட்டியைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் குடுங்க டீச்சர்" என்றார்.

அப்புறம் நடந்தது விருந்தல்ல, கொள்ளை. பெண்கள் துளசியைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கரண்டியை இறக்கினார்கள். நான் கையை நீட்டுவதற்குள் நனையாத தொட்டியெல்லாம் காலி. டீச்சர் மேசையில் சாய்ந்துகொண்டு, தின்கிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

கடைசியில் மிஞ்சியவை, தண்ணீர் வார்த்த அந்த மூன்றுதான்.

"அதக் கொட்டிருவோம் தம்பி. நல்லா இருக்காது."

நான் ஒன்றை எடுத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். ஊறிப்போன பிஸ்கட், நீர்த்த பால், நடுநடுவே குங்குமம். டீச்சர் எதிரே வந்து நின்று என் முகத்தையே பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"அடுத்ததையும் குடுங்க டீச்சர்."

மூன்றையும் தின்றேன். மறுநாள் வயிறு சரியில்லை என்று வேலைக்கு மட்டம் போட்டேன். இன்றைக்கு அவர் வந்து நீட்டினாலும், அதே தொட்டியை வழித்துச் சாப்பிடுவேன்.