சம்பந்தியின் இடுப்பளவு வெளியான விவரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகளின் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நால்வரும் சுகம். அடுத்த வரியில் தங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் அதைப் போன வாரமே பதினெட்டுப் பேர் முன்னிலையில் நான் விசாரித்துத் தொலைத்துவிட்டேன். இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்ததே அதனால்தான்.

தினமும் காலை ஆறரைக்கு நீங்கள் எனக்கு அனுப்பும் ரோஜாப்பூப் படமும் அதன் கீழே வரும் வாழ்க்கைத் தத்துவமும் நின்றுபோய் இன்றோடு ஒன்பது நாள். கூப்பிட்டால் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்கிறது, அதுவும் என்னைக் கண்டிக்கிற மாதிரியே சொல்கிறது. அந்தப் பூவைப் பாதி நாள் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தவன் நான். இப்போது ஆறரைக்கு எழுந்து வெறும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மகளிடம் கேட்கலாமென்றால், "ஏன் மாமா, என்ன ஆச்சு?" என்பாள், ஆனதைச் சொல்ல வேண்டிவரும். அதனால் அவள் வேலைக்குக் கிளம்பும்வரை பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன். ஒரே விளம்பரத்தை மூன்று நாளாகப் படிக்கிறேன்.

விஷயம் உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்ததோ தெரியாது, நடந்தது இதுதான். எங்கள் சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோய் வருமுன் தடுக்க அக்கம்பக்கத்து ஆட்களையே பயிற்றுநர்களாகத் தயார் செய்கிறார்கள், எல்லாம் இணைய வழியில், வாரம் இரண்டு வகுப்பு. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான், ஜனங்களை மாடிப்படி ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதே என் தொழில், என்னைப் போய் எல்லோரையும் நடக்கவைக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள், நானும் வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று சேர்ந்துவிட்டேன். முதல் வகுப்பில் முக்கால் மணி நேரம் கேமராவில் என் நெற்றியும் சீலிங் ஃபேனும் மட்டும்தான் தெரிந்ததாம். அடுத்த வகுப்பில் பயிற்சி கொடுக்கும் மேடம், "இங்க யாரெல்லாம் ரத்தப் பரிசோதனை பண்ணியிருக்கீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் பண்ணியதில்லை, ஊசி என்றால் எனக்கு ஆகாது, அது உங்களுக்கும் தெரியும். என் முறை வந்ததும், நெட்வொர்க் நின்றுபோன மாதிரி இருக்கட்டும் என்று வாயைப் பாதி திறந்தபடி இமைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேடம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

அந்த அவமானத்தைத் துடைக்க வேண்டும் என்ற வேகத்தில்தான் மூன்றாம் வகுப்பில் உங்களை மாட்டிவிட்டேன். நோய் வர வாய்ப்புள்ள ஒருவரைக் கற்பனை செய்து விவரமாகச் சொல்லுங்கள் என்றார்கள். திரையின் மூலையில் என் முகமும் அதன் கீழே என் தொப்பையும் தெரிந்தன. அதையே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. வாய்க்கு வந்தது வேறு ஆள். வயது ஐம்பத்தெட்டு, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை, தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டர், டீயில் மூன்று கரண்டி சர்க்கரை, "நாலாவது டம்ளருக்கு மரியாதை" என்று அதில் மட்டும் இன்னொரு கரண்டி, கீழே விழுந்த பேனாவை எடுக்க அடுத்த அறையிலிருந்து ஆள் கூப்பிடுவார், பரிசோதனை என்றால் "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு?" என்பார் என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். மேடம் சொக்கிப்போய், "ரொம்ப இயல்பா இருக்கு, உண்மையிலேயே கற்பனையா?" என்றார். சுத்தக் கற்பனை என்றேன்.

அப்போது பார்த்து நம் இரண்டு வீட்டுக் கல்யாணத் துணியும் தைத்த அதே தையல்காரர் திரையில் ஒரு சதுரத்துக்குள்ளிருந்து மைக்கைப் போட்டார். அவரும் இந்த வகுப்பில் இருக்கிறார் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவில்லை, கழுத்தில் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. "கற்பனை இல்லீங்க மேடம், இவரோட சம்பந்தி. அந்த இடுப்பை நான் அளந்திருக்கேன். மூணு வருஷத்துல நாலு தடவை பேன்ட்டைப் பிரிச்சு விட்டாச்சு, இனிமே பிரிக்க உள்ள துணி இல்ல" என்றார். அதோடு நிறுத்தினாரா, நோட்டைப் புரட்டி அங்குலக் கணக்கையும் வாசித்தார். பதினெட்டுச் சதுரங்களும் சிரித்தன. என் சதுரமும் சிரித்தது, அதற்குத்தான் முக்கியமாக மன்னிப்புக் கேட்கிறேன். ஒருவருடைய உடல்நல விவரத்தை வெளியே பேசக்கூடாது என்ற பாடம் நான்காம் வகுப்பில்தான் வந்தது. நான் மூன்றிலேயே பேசி முடித்திருந்தேன்.

வீட்டுக்காரி பின்னால் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "உங்க இடுப்பைச் சொல்றதுக்கென்ன, தையல்காரர் நோட்டுல அது இல்லையா?" என்றாள். இருக்கிறது, அடுத்த பக்கம்தான். அவர் புரட்டாமல் விட்டது என் மேலுள்ள மரியாதையால்.

சம்பந்தி, எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. பிள்ளைக்குப் பெண் எடுத்த இடத்தில் எனக்கு ஒரு சிநேகிதரும் கிடைத்தாரே என்று இருந்தேன், அதை நானே வாயால் கெடுத்துக்கொண்டேன். உங்கள் மகள் முகத்தைப் பார்த்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை (இரண்டாவது வாய் இறங்கிவிடுகிறது, பொய் சொல்லக்கூடாது). இனி உங்கள் டீ, உங்கள் கரண்டி. சர்க்கரை என்ற வார்த்தையை உங்கள் எதிரில் எடுக்கமாட்டேன். பயிற்சியிலிருந்தும் விலகிக்கொள்கிறேன். பூ மட்டும் அனுப்புங்கள், தத்துவம் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும் என்று, அதைச் சொல்லும் தகுதியை இழந்தவன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையில் எழுத உங்கள் கதவு எண்ணை மருமகளிடம் கேட்கும்படி ஆனது. "எதுக்கு மாமா லெட்டர்? அப்பா போன் வாளித் தண்ணியில விழுந்து ரிப்பேர்ல கிடக்கு. அம்மா போன்ல கூப்பிட்டா பேசுவாரே. நேத்துக்கூட உங்களைத்தான் விசாரிச்சார்" என்றாள். ஆக, உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். வீட்டுக்காரி கையைப் பிடித்து, "அவரைப் பத்தி எழுதினதுல எது பொய்?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. "அப்ப அவருக்கு யார்தான் சொல்றது?" என்றாள். அதனால் மேலே கேட்ட மன்னிப்பு, கொடுத்த வாக்கு, விலகல் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொண்டு அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன், நிலைய வாசலில் நிற்பேன். முதல் ஊசி எனக்கு, நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். இரவிலிருந்து எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். என் மேல் கோபம் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள், அது சாப்பாட்டில் சேராது.