சொக்கட்டான் சீலை

சென்னைப் பட்டணத்தில் கட்டம் போட்ட துணி உடுத்தத் தகுதியுள்ள மனிதன் ஒருவனும் கிடையாது என்பது எங்கள் தெருச் சலவைக்காரரின் தீர்ப்பு. கட்டத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாதவனுக்கு அந்தத் துணிமேல் பாத்தியதையே இல்லை என்பார். வெறும் பேச்சில்லை. பெயர் சொல்லாவிட்டால் வெளுத்த துணி மூட்டையை விட்டு வெளியே வராது. மயிலாப்பூரில் நான் குடியிருந்த அந்தத் தெருவில் அவருக்கு 'எந்தக் கட்டம்' என்றே பெயர்.

"ஏண்டாப்பா, என் கட்டம் போட்ட புடவை எங்கேடா?" என்பாள் வக்கீலாத்து மாமி.

"எந்தக் கட்டம்மா?"

"சிவப்பு."

"செவப்பு கலரும்மா. கட்டம் இன்னா கட்டம்?"

மாமி மூன்று நாள் வீம்பாக இருந்து பார்த்தாள். நாலாம் நாள் நாத்தனாராத்தில் வளைகாப்பு. வாசலுக்கு வந்து, பாடம் ஒப்பிக்கிற குழந்தை மாதிரி, "பாய்க்கட்டம்" என்றாள். "அப்டி சொல்லு" என்று மூட்டையைப் பிரித்தார்.

கோடிவீட்டுப் போலீஸ்காரர் தம் கைலிக்காக அவரை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவதாக மிரட்டினார். "இட்டுகினு போ. அங்க இன்னா கட்டம்னு கேட்டா இன்னாத்த எய்துவே?" என்றார் இவர். போலீஸ்காரர் யோசித்துக்கொண்டே திரும்பிப் போனார், கைலி இல்லாமல்.

அப்போது நான் ஓர் அகராதிக் காரியாலயத்தில் சொல்லும் பொருளும் எழுதிய சீட்டுகளை நகல் எடுக்கிற குமாஸ்தா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஜட்கா வண்டி ஓட்டினார். எங்கள் தெருவிலேயே குடியிருந்த தலைமைப் பண்டிதர் பழைய நூல்களில் கடல். நூலுக்கு வெளியே உள்ள உலகம் முழுவதும் அவருக்கு 'ஒருவகை'. ஒருவகை மீன், ஒருவகை மரம், ஒருவகைப் பூச்சி. ஒரு நாள் 'சொக்கட்டான்' சீட்டு என் கைக்கு வந்தது: 'ஒருவகைச் சீலை.' சும்மா இராமல் இதைச் சலவைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"ஒருவகைன்னா எந்த வகை? நாளைக்கு உனக்குப் பொண்ணு பாத்துட்டு வந்து, 'ஒருவகைப் பொண்ணு'ன்னு சொன்னா ஒத்துக்குவியா நைனா?"

பிறகு மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கவேண்டும். தாயம் உருட்டுகிற துணிமாதிரி இரண்டு நிறம் மாறி மாறி வரவேண்டும். ஒரு கட்டம் எள்ளளவு நீண்டாலும் அது சொக்கட்டான் இல்லை. சீலைக்குத்தான் அந்தப் பெயர். கைலியைச் சொக்கட்டான் என்பவன் மடையன்.

பண்டிதரிடம் போய்ச் சொன்னேன். "எந்த நூலில் இருக்கிறது?" என்றார்.

"சலவைக்காரர் சொன்னார், ஐயா."

"பேஷ்! இனிமேல் வண்ணான் துறையை மேற்கோள் காட்டலாம். சான்று இருந்தால் கொண்டு வாரும்."

காரியாலயமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்காமல், "சான்று கேட்கிறாங்க" என்று சலவைக்காரரிடம் போய்ச் சொன்னேன். சான்று என்றால் நூலில் ஒரு வரி என்று நான் விளக்கவில்லை. சான்று என்றால் சரக்கு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மூட்டையோடு நேரே உள்ளே வந்தார். பண்டிதர் மேஜைமேல் இருந்த சீட்டுகளைத் தள்ளிவிட்டு ஒரு புடவையை விரித்தார். அரக்கும் வெள்ளையும் மாறி மாறி, அளவெடுத்து வைத்தது போல. குமாஸ்தாக்கள் எல்லாரும் கூடிவிட்டோம்.

"இதான் சொக்கட்டான். அளந்து பாத்துக்கோ சாமி."

"யார் வீட்டுப் புடவைப்பா?" என்றார் ஒருவர்.

"நம்ம பண்டிதர் வூட்டு அம்மாது! தெருவுலயே தானா பேர் சொல்லிக் கேட்டு வாங்கறது அந்த அம்மா ஒண்ணுதான்."

பண்டிதர் முகம் அவர் வேட்டியைவிட வெளுத்தது. "இவனை யார் வரச் சொன்னது?" என்றார்.

சலவைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன். "தெரியாது, ஐயா" என்றேன்.

சலவைக்காரர் புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே பண்டிதர் வீடு அவருக்கு நின்றது. பிறகு வக்கீல் வீடு, போலீஸ்காரர் வீடு. பெயர் சொல்லத் தெரியாத அத்தனை பேருக்கும் நல்ல சாக்குக் கிடைத்தது. ஒரு மாதத்தில் அவர் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். அங்கே ஓர் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்தார். எல்லாம் வெள்ளை. ஒரு கட்டம் கிடையாது.

அகராதி அச்சாகி வந்ததும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். 'ஒருவகைச் சீலை' என்றுதான் இருந்தது.

"வா நைனா. போட்டாங்களா?"

அவருக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு வாசித்தேன்: "சொக்கட்டான். நீளமும் அகலமும் ஒத்த கட்டங்கள் இருநிறத்தில் மாறி மாறி வரும் சீலை. ஆடவர் உடைக்கு வழங்காது."

கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொருவாட்டி படி."

படித்தேன்.

"மொதல்ல 'ஒத்த கட்டம்'னே. இப்ப 'சமமான கட்டம்'ன்றே. அச்சு மாறுமா நைனா?"

அவர் என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு சின்ன வரி.

"ரெண்டும் சரிதான்" என்றார். "சட்டைய கழட்டு. மை கீது, அலசித் தரேன்."

வெறும் உடம்போடு கரையில் உட்கார்ந்தேன். சட்டை காய்ந்த பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை; அவரும் போகச் சொல்லவில்லை.